படித்துப் பார்த்தேன், சரி

சிவகாசி
8 மார்ச் 2014

அன்பு மகன் ஃபரீதுக்கு, அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்பதைத்தான் பத்து நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

போனில் "ஒண்ணுமில்லம்மா" என்பதற்கு மேல் உன் வாயிலிருந்து எதுவும் வருவதில்லை. ஆகவே எழுதுகிறேன். நம் பிரஸ்ஸில் மிஷின் ஓட்டும் மாரிக்கண்ணன் இதை ஸ்கேன் செய்து உனக்கு அனுப்புவார். நீயும் கையால் எழுதி அப்படியே அனுப்பு.

உக்ரைனில் உங்கள் கீவ் நகரத்துச் சதுக்கத்தில் நடந்ததை எல்லாம் பேப்பரில் படித்தேன். மக்கள் குளிரில் மூன்று மாதம் நின்று ஒரு ஜனாதிபதியை ஓட வைத்தது பெரிய காரியம்தான். செத்தவர்களின் படங்களைப் பார்த்தேன். எல்லாம் உன் வயதுப் பிள்ளைகள். ஆனால் அதன் பிறகு வந்த செய்தி எனக்குப் பிடிக்கவில்லை. தீப்பந்தம் பிடித்து ஊர்வலம் போய், இந்த நாடு இங்கே பிறந்தவனுக்கு மட்டும் என்று கத்தியவர்களுக்குப் புது அரசாங்கத்தில் மந்திரிப் பதவி கொடுத்திருக்கிறார்களாம். உன் கடை அந்த ஊரில்தான் இருக்கிறது. உன் பெயர் முகம்மது ஃபரீத். எனக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. நிலைமையை ஒளிக்காமல் எழுது.

அன்புடன்,
உன் அம்மா
பைரோஜா


கீவ்
23 மார்ச் 2014

அன்புள்ள அம்மாவுக்கு ஸலாம்.

நான் நலம். கடையும் நலம். டீத்தூளும் மசாலாவும் முன்பு போலவே போகின்றன.

நீங்கள் படித்தது பொய் இல்லை. ஆனால் முழுவதும் அதுவே இல்லை. சதுக்கத்தில் நானும் நின்றேன் அம்மா. உங்களிடம் சொல்லவில்லை, திட்டுவீர்கள் என்று. மூன்று பிளாஸ்க் நிறைய இஞ்சி டீ போட்டுக்கொண்டு தினமும் போனேன். என் ஊர் எது, மதம் எது என்று ஒருவரும் கேட்கவில்லை. பென்ஷன் வாங்கும் அம்மாக்கள் பெரிய பாத்திரத்தில் சூப் கொண்டுவந்து எனக்கும் ஊற்றினார்கள். தீப்பந்தம் பிடித்த அந்தக் கட்சிக்காரர்கள் கூட்டத்தில் ஒரு மூலைதான். ஆனால் முன்வரிசையில் நின்று அடி வாங்கினார்கள், அதனால் இப்போது நாற்காலி கேட்டு வாங்கிவிட்டார்கள். அடுத்த தேர்தலில் காணாமல் போவார்கள்.

எங்கள் வட்டாரத்தில் கடைகளுக்கு அனுமதி தரும் அலுவலகத்துக்கு அந்தக் கட்சி ஆள் ஒருவர் துணைத் தலைவராக வந்திருக்கிறார். கடைக்கு வந்தார். டீ குடித்தார். மரியாதையாகத்தான் பேசினார். கவலைப்படாதீர்கள்.

மூட்டு வலிக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா?

உங்கள்
ஃபரீத்


சிவகாசி
24 ஜூன் 2014

அன்பு மகனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று மாதம் ஆகிவிட்டது, இப்போதுதான் பதில் எழுதுகிறேன். சூப் ஊற்றிய அந்த அம்மாக்களுக்கு என் ஸலாமைச் சொல்.

உன் சின்னம்மா மகள் ஷிபானா, அங்கே கிழக்கே சண்டை நடக்கும் லுகான்ஸ்கிலிருந்து வந்து சேர்ந்துவிட்டாள். மூன்றாம் வருட டாக்டர் படிப்பு அப்படியே நிற்கிறது. கல்லூரிக்குப் பக்கத்திலேயே குண்டு விழுந்ததாம். விருதுநகர் ஸ்டேஷனில் ஒரு பை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள். அழவில்லை, எனக்கு அது பிடித்தது. வீட்டில் சும்மா இருக்க வேண்டாம் என்று காலையில் பிரஸ்ஸுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நோன்பு தொடங்கும் போலிருக்கிறது. அங்கே பகல் பதினாறு மணி நேரத்துக்கு மேல் என்றாயே. முடியாவிட்டால் வீம்புக்குப் பிடிக்காதே.

அம்மா


கீவ்
20 ஜூலை 2014

அன்புள்ள அம்மாவுக்கு,

நோன்பு ஒன்றையும் விடவில்லை.

ஒரு ஆர்டர் அனுப்பியிருக்கிறேன். 2015க்கு மாதக் காலண்டர், பன்னிரண்டு ஷீட், இருபதாயிரம். டிசைன் இங்கேயே முடித்து மெயிலில் இருக்கிறது. கேட்டவர் துணைத் தலைவர். சிவகாசி அச்சு நன்றாக இருக்கும் என்று நானே ஒருநாள் பெருமையாகச் சொல்லிவிட்டேன், பிடித்துக்கொண்டார்.

என் கடை அனுமதி செப்டம்பரில் முடிகிறது. புதுப்பித்துக் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான். இதைச் செய்து கொடுத்தால் கடை நிற்கும், இல்லாவிட்டால் நிற்காது. அவர் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் எனக்குப் புரிகிறது. ஆறு வருட உழைப்பு அம்மா.

எழுத்தெல்லாம் இங்கேயே சரிபார்த்தாகிவிட்டது. உங்களுக்குச் சிரமம் வேண்டாம், அப்படியே ஓட்டிவிடலாம்.

ஃபரீத்


சிவகாசி
6 ஆகஸ்ட் 2014

மகன் ஃபரீதுக்கு,

ஆடிப்பெருக்கன்று ஊர் முழுக்க அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியிட்டார்கள். நம்முடையதும் வந்துவிட்டது. வெளியூர் ஏஜெண்டுகள் வந்து போகிறார்கள். இந்த நெருக்கடியிலும் உன் ஆர்டரை முதலில் எடுக்கச் சொன்னேன்.

நம் பிரஸ்ஸின் வழக்கம் உனக்குத் தெரியும். ஆர்டர் கொடுத்தவர் புரூஃபை வரி வரியாகப் படித்து, "படித்துப் பார்த்தேன், சரி" என்று தன் கையால் எழுதி, முழுப்பெயரும் போட்டுத் தர வேண்டும். அதன் பிறகுதான் பிளேட் மிஷினில் ஏறும். மந்திரியானாலும் மகனானாலும் அதேதான். அதைப்போல, புரியாத எழுத்தை நானும் மிஷினில் ஏற்றியதில்லை. மலையாளக் காலண்டருக்கும் ஆள் வைத்துப் படித்தேன். உன் புரூஃபை, அந்த ஊர் மொழி படிக்கத் தெரிந்த ஷிபானாவிடம் கொடுத்தேன்.

முதல் ஷீட்டைப் படித்துவிட்டு நிறுத்தினாள். என்ன பிழை என்று கேட்டேன்.

"பிழை ஒண்ணுமில்ல பெரியம்மா. அம்புட்டும் சுத்தமாத்தான் எழுதியிருக்காக" என்றாள்.

பிறகு தமிழில் சொன்னாள். ஜனவரியில், இந்த மண் இங்கே பிறந்தவருக்கே. ஏப்ரலில், நம் தெருவில் அந்நியன் கடை எதற்கு. செப்டம்பரில், படிக்கவும் பிழைக்கவும் வந்தவர்கள் மூட்டை கட்டும் நாள் தூரத்தில் இல்லை. டிசம்பர் வரை இப்படியே. நடுவில் உள்ள படத்தில் துணைத் தலைவர் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிறார்.

மாரிக்கண்ணன் மிஷினைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "அப்ப நம்ம ஃபரீத் தம்பியவும் சேத்துத்தான சொல்லியிருக்காக? தம்பி படிச்சுப் பாக்காமலா அனுப்பிச்சாக?"

நீ படிக்கவில்லை என்று அவரிடம் சொன்னேன். அவசரத்தில் அனுப்பியிருப்பான் என்றேன். அதைத்தான் நான் நம்புகிறேன்.

புரூஃப் இத்துடன் இருக்கிறது. படித்துவிட்டு உன் பதிலை எழுது.

அம்மா


கீவ்
15 ஆகஸ்ட் 2014

அம்மா,

நான் படித்தேன். அனுப்புவதற்கு முன்பே படித்தேன்.

அது வெறும் பேச்சு அம்மா. அவரே என் கடை டீயைத்தான் குடிக்கிறார். காலண்டரை யார் படிக்கிறார்கள்? தேதி பார்ப்பார்கள், பால் கணக்கு எழுதுவார்கள். நீங்கள் இரண்டு கட்சிக்கும் ஒரே வாரத்தில் ஒரே மிஷினில் காலண்டர் அடித்ததை நானே பார்த்திருக்கிறேன். அப்போது யாருடைய கொள்கையையும் நீங்கள் கேட்கவில்லை. இப்போது மட்டும் ஏன்?

உங்களுக்குச் சங்கடம் என்றால் அடியில் பிரஸ் பெயர் போட வேண்டாம். சிவகாசி என்றும் போட வேண்டாம். யாருக்கும் தெரியாது.

நீங்கள் கேட்டபடி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இனி உங்கள் வழக்கப்படி நீங்கள் ஓட்ட வேண்டும்.

ஃபரீத்


சிவகாசி
22 ஆகஸ்ட் 2014

அன்பு மகன் ஃபரீதுக்கு, அம்மா எழுதுவது.

புரூஃப் மெயிலில் வந்தது, பிரிண்ட் எடுத்துப் பார்த்தேன். வாசகம் சரி, கையெழுத்து சரி. நம் வழக்கத்தில் ஒரு குறையும் இல்லை. இருந்தும் நான் அச்சடிக்கப் போவதில்லை. கையெழுத்து வந்த புரூஃபை இந்தப் பிரஸ் இதுவரை திருப்பியதில்லை. முதல் முறையாக நான் மீறுகிறேன், அதைத் தெரிந்தே செய்கிறேன்.

இரண்டு கட்சிக்கும் அடித்தோம், உண்மை. ஒரு தலைவர் சிரிப்பார், இன்னொருவர் கையெடுத்துக் கும்பிடுவார். எந்த ஷீட்டிலும் பக்கத்து வீட்டுக்காரனை வெளியே போ என்று எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்தால் அதையும் அடித்திருக்க மாட்டேன். பெயர் போடாமல் அடிக்கலாம் என்கிறாய். பெயர் போட வெட்கப்படும் காரியத்துக்கு என் மிஷின் எதற்கு?

இந்த ஊரில் எத்தனையோ பிரஸ் இருக்கிறது. யாராவது அடித்துக் கொடுப்பார்கள். நான் தடுக்க முடியாது. ஆனால் அதை அடிக்கலாமா என்று என்னிடம் வந்து கேட்பவர்களிடம், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பன்னிரண்டு மாதத்தையும் தமிழில் சொல்வேன். ஷிபானா எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

உன் கடை போகலாம். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆறு வருடம் நீ பட்டதும் தெரியும். அந்த இஞ்சி டீயை நினைத்து ஒருநாள் முழுக்கப் பெருமையாக இருந்தேன், உன்னிடம் சொல்லவில்லை. அந்தச் சதுக்கத்தில் உனக்குச் சூப் ஊற்றியவர்கள் இந்தக் காலண்டரைத் தங்கள் சுவரில் மாட்ட வேண்டும் என்றா நீ கேட்கிறாய்?

மாரிக்கண்ணன் மறுபடியும் கேட்டார். நீ படித்தாய் என்று சொன்னேன். அவர் உன் ஆர்டருக்குத் தயாராக இருந்த பிளேட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, பள்ளிக்கூட டைரி வேலையைத் தொடங்கினார்.

கையெழுத்து வந்த புரூஃபுகளை எல்லாம் ஃபைலில் சேர்ப்பது வழக்கம். உன்னுடையதைச் சேர்க்கவில்லை. நாளைக்கு யாரும் புரட்டிப் பார்க்கக் கூடாது. கிழிக்கலாம் என்று இரண்டு முறை எடுத்தேன், முடியவில்லை. அதன் அடியில் இருப்பது என் மகனுடைய பெயர்.

இதற்குச் சமாதானம் எதுவும் எழுதாதே. ஊருக்கு வருவதானால் தேதியை மட்டும் எழுது.

அம்மா
பைரோஜா