மண்டையோடு ஒட்டாத தாடை

நவம்பர் 14, வியாழன்

மாணவிகளை மீன் சந்தைக்கு அழைத்துப் போயிருந்தேன். ஒரு சுறாத்தலையைக் காட்டி, "நமக்கு மாதிரியே இதுக்கும் மேல்தாடை மண்டையோட ஒட்டித்தான் இருக்கும்" என்றேன்.

மீன் வெட்டும் லூர்தம்மாள் நிமிர்ந்தார். "ஒட்டியிருக்காது டீச்சர். அறுத்தா ரெண்டு தாடையும் தனியா கழண்டு வந்துரும்."

"நீங்க மீனை வெட்டுங்க, பாடத்தை நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். மாணவிகள் சிரித்தார்கள். அவர் குனிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் பிரித்தேன். ஆதிச் சுறாக்களில்தான் மேல்தாடை மண்டையோடு இறுகப் பிணைந்திருந்தது. பின்னால் வந்தவற்றில் அது தளர்ந்துவிட்டது. கடிக்கும்போது தாடை முன்னால் நீள்வதே அதனால்தான்.

வகுப்பு வாட்ஸ்அப்பில் திருத்தம் போட்டேன். லூர்தம்மாள் பெயரை எழுதவில்லை. எழுதத்தான் நினைத்தேன்.

இதுவரை பதினோரு பேர் "தேங்க்யூ மேடம்" என்று அனுப்பியிருக்கிறார்கள்.