ஹோல்கரின் கோப்பை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? கோத்தன்பர்க்கில் மழை விடவில்லை.

எங்கள் பம்பு வடிவமைப்புக் குழுவில் யார் புது யோசனை சொன்னாலும், காப்பி வேளையில் "இது உடைஞ்சா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்பவர் ஹோல்கர். எங்கள் நல்ல பம்புகளெல்லாம் அந்தக் கேள்வியில் பிறந்தவை. வசந்தத்தில் அவர் இறந்துபோனார். அதன்பின் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, அவருடைய காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருப்போம்.

நேற்று பொறுக்கமாட்டாமல் அந்தக் கேள்வியை நானே கேட்டுவிட்டேன். குரல் என்னுடையதுபோல் இல்லை. குழுவில் என் தோழி ஊல்ரிகா எழுந்து, ஹோல்கரின் கோப்பையைக் கழுவி, அவர் குடிப்பதுபோல் பால் விடாத காப்பியை என் முன்னால் வைத்தாள்.

"இனி எங்களை நிம்மதியா விடாதது உன் வேலைடி."

பாலில்லாமல் நான் குடிக்கமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். குடித்தேன்.

வேறொன்றுமில்லை. இனி அந்தக் கேள்வியை நான்தான் கேட்கப்போகிறேன், ஆனால் பாலோடு; வீட்டிலிருக்கும் என் நீலக் கோப்பையை உடனே அனுப்பிவையுங்கள்.

அவசரத்தில்,
உங்கள் யில்வா