அடைக்கு வைத்த பத்து முட்டை

மகளின் கோழி இன்று காலை தன் முதல் முட்டையை இட்டிருக்கிறது. சூடு ஆறுவதற்குள் எடுத்து, கூரைத் தகரத்தில் ஆணி கழன்ற ஓட்டை வழியாக விழும் வெயிலில் பிடித்துப் பார்த்தேன். நீங்கள் பழக்கிய பழக்கம். புது முட்டைக்குள் பார்க்க ஒன்றும் இருக்காது என்று தெரியும், கை கேட்கவில்லை. அதனால்தான் உங்களுக்கு இதை எழுத உட்கார்ந்தேன்.

நம் மகளுக்கு இது ஆறாம் மாதம். ஆள் வெளுத்துப்போயிருக்கிறாள். முட்டை சாப்பிடச் சொல்லியிருக்கிறார் தோட்டத்து டாக்டரையா. வட்டகொடை டவுன் கடையில் ஒவ்வொரு சம்பளத்துக்கும் முட்டை விலை ஏறுகிறது. கேட்டால் கடைக்காரர், "நானாம்மா முட்டை போடுறேன்? மலைக்குக் கீழருந்து வர்ற வெலதான்" என்கிறார். "கோழி வளத்தா மிச்சம்மா" என்று மகள் ஒன்றை வாங்கி வந்துவிட்டாள். இதே அறையில் உட்கார்ந்து நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

அப்போது இவள் நடை பழகும் குழந்தை. தேயிலை அரைக்கும் ஸ்டோரில் தூசியைத் தின்று தின்று உங்கள் நெஞ்சு கெட்டுப்போயிருந்தது. தினம் ஒரு முட்டை கொடு, இல்லாவிட்டால் ஆள் தேறாது என்று அப்போதிருந்த டாக்டரையா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அன்றும் கடை விலை நமக்கு எட்டவில்லை. மழைக்குப் போர்த்திக்கொள்ளத் தோட்டத்தில் கொடுத்த புதுக் கம்பளியைப் பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் கொடுத்துவிட்டு, ஒரு சிவப்புப் பெட்டையை வாங்கி வந்தேன். கொழுந்தெடுக்கப் பழைய கம்பளியே போதும் என்று உங்களிடம் பொய் சொன்னேன். அது முழுக்க ஓட்டை. மழையில் நனைந்துகொண்டுதான் மலைக்குப் போனேன். கூப்பனுக்கு அளந்து கொடுக்கும் அரிசியிலும் தினம் ஒரு பிடி கோழிக்குப் போனது.

முதல் முட்டையை அவித்து உரித்து உங்களிடம் நீட்டினேன். வாங்கி மகளுக்கு ஊட்டிவிட்டீர்கள்.

"இனிமே அவிக்காத புள்ள. இன்னிக்கு தின்னா ஒண்ணோட போச்சு. அடைக்கு வச்சா பத்துக் கோழி. அப்பறம் நம்ம லயத்துல இருக்கிற அத்தன வீடும் திங்கலாம்."

"ஒங்களுக்குன்னுதாங்க வாங்குனேன்."

"எனக்கென்ன, இருமல்தானே" என்று சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. சண்டை போட்டேன், அழுதும் பார்த்தேன். உங்கள் பிடிவாதத்துக்கு முன்னால் தோட்டத்துத் துரையே தோற்றுப்போவார், நான் எம்மாத்திரம்?

பத்து முட்டை சேர்ந்தது. பெட்டை அடை உட்கார்ந்தது. எட்டாம் நாள் ஒவ்வொரு முட்டையாக அந்த ஓட்டை வெயிலில் பிடித்து, "நரம்பு ஓடுது பாரு" என்று காட்டினீர்கள். உள்ளே சிவப்பு நூல் மாதிரி தெரிந்தது. அவ்வளவு சந்தோஷமாக உங்களை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

அது தை மாதம். விடிந்தால் புல்லெல்லாம் பனியில் வெளுத்துக் கிடக்கும். முட்டை விறைத்துவிடுமே என்று பயந்து, உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அடைக்கூடையை அடுப்போடு ஒட்டி வைத்தேன். தணலைச் சாம்பலால் மூடிவிட்டு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடினேன். பிந்திப் போனால் அன்றைக்குப் பெயர் போடமாட்டார்கள், கூலியும் கிடையாது. நீங்களும் ஸ்டோருக்குப் போயிருந்தீர்கள். தணல் எப்படியோ பற்றிக்கொண்டிருக்கிறது. மத்தியானம் வந்து பார்த்தால் பெட்டை சூடு பொறுக்காமல் எழுந்து வாசலில் நிற்கிறது. முட்டையைத் தொட முடியவில்லை.

இருபத்தோராம் நாள்வரை காத்திருந்து உடைத்துப் பார்த்தோம். பத்தும் கூமுட்டை. எல்லாம் நீங்கள் சாப்பிட்டிருக்க வேண்டிய முட்டை. திட்டியிருந்தால் தேவலை. "அடுத்த அடையில பாத்துக்கலாம் புள்ள" என்றீர்கள். அந்த அடுத்த அடைவரை நீங்கள் இருக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், நீங்கள் படுத்திருந்த மூலையில் ஒரு முட்டை கிடந்தது. பெட்டை மறுபடியும் இட ஆரம்பித்திருந்தது. அதை அவித்து, இலையில் வைத்து உங்களுக்குப் படைத்தேன். அதை மட்டும் நீங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இன்று மகளிடம், "இத அவிச்சுத் தர்றேன், தின்னுட்டு வேலைக்குப் போ" என்றேன். என் கையிலிருந்து வாங்கி, அடுப்போரம் இருந்த கூடையில் வைத்துவிட்டாள்.

"இன்னிக்கு தின்னா ஒண்ணோட போச்சும்மா. அடைக்கு வைப்போம்."

உங்கள் முகமே அவளுக்கு ஞாபகமில்லை. இந்த வார்த்தை மட்டும் எப்படி வந்து ஒட்டிக்கொண்டதோ, நான் சொல்லிக்கொடுக்கவில்லை. கம்பளியும் அரிசியும் போன கதையை, கோழி வளர்த்து நான் மிச்சம் பிடித்த லட்சணத்தைச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் கடைசியில், நீங்கள் இருந்தபோது உங்களுக்கென்று அவித்த அந்த ஒரே முட்டை இவள் வாய்க்குத்தான் போனது என்பதையும் சொல்ல வேண்டிவரும். வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் அதை எப்படிச் சொல்வது?

அவள் பெரட்டுக்குப் போன பிறகு, கூடையை அடுப்பிலிருந்து தள்ளி வைத்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.