லைட், நைட் பாடமும் ரொவெலினின் புருவமும்

என் அன்பு மகள் இன்டாய் மரிவிக்குக்கு,

இங்கே எல்லோரும் சுகம், என் முழங்காலைத் தவிர வேறெதற்கும் குறையில்லை, ஹாங்காங்கில் நீயும் நீ பார்த்துக்கொள்ளும் அந்தப் பெரியவரும் சுகமாயிருக்கக் குழந்தை இயேசுவின் முன் தினமும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். முதலில் பிள்ளைகளின் சேதி. உன் மகன் டொன்டொன் கப்பல் படிப்பில், இஞ்சின் பாடத்தில், வகுப்பிலேயே இரண்டாவதாக வந்திருக்கிறான், வெள்ளைச் சீருடையில் அவன் ஜீப்னி வண்டியிலிருந்து இறங்கி வந்தால் துணி காயப்போடுகிறவர்கள்கூட கையை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்கள். உன் தம்பி மகள் கிக்காய் பள்ளியில் கவிதை ஒப்பித்து ரிப்பன் வாங்கினாள், அதைக் கழற்ற விடாமல் சட்டையில் குத்திக்கொண்டே தூங்கினாள். உன் மூத்தவள் ரொவெலின் ஆசிரியர் பட்டம் வாங்கியதைப் போன கடிதத்திலேயே எழுதிவிட்டேன், ஆனாலும் திரும்ப எழுதுகிறேன், ஐந்தாம் வகுப்போடு கரும்புக்காட்டுக்குப் போன இந்த லோலாவின் பேத்தி பட்டதாரி என்று எழுத என் பேனாவுக்கு அலுக்கவில்லை.

இனி என் மனத்தை அரிப்பதைச் சொல்கிறேன். வீடியோவில் பேசும்போது ரொவெலின் பக்கத்திலேயே இருக்கிறாள், அதனால் இதைத் தெருக்கோடி மனாங் லூசிங்கின் மகளிடம் கொடுத்தனுப்புகிறேன், சனிக்கிழமை அவள் அங்கே திரும்புகிறாள். ஏஜென்சி ஆள் வந்து ரொவெலினின் பாஸ்போர்ட்டைக் கேட்டான். உன் முதலாளியம்மாவின் தங்கை வீட்டில் அவளுக்கு வேலை பேசி வைத்திருக்கிறாயாம். அலமாரிச் சாவி தொலைந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினேன். சாவி ஜெபமாலையோடு என் கழுத்தில்தான் தொங்குகிறது, கர்த்தர் மன்னிப்பாராக. அடுத்த வாரம் வருகிறேன், அதற்குள் தேடி வையுங்கள் என்று போயிருக்கிறான், அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

வீட்டிலிருந்தே கணினி வழியாக ஜப்பான் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு அவள் தேர்வு எழுதித் தோற்றாள் என்பது உனக்குத் தெரியும், ஏன் தோற்றாள் என்பது தெரியாது. மாதிரிப் பாடம் ஒன்று நடத்தச் சொன்னார்கள். ஐ, ஜி, எச், டி என்ற நான்கு எழுத்தில் முடியும் சொற்கள், அவற்றின் பொருள், அவற்றை வைத்து வெள்ளைக்காரர்கள் சொல்லும் வழக்குகள். லைட், நைட், ஃபைட், டைட், சைட், மைட் என்று என்னை மாணவியாக உட்கார வைத்து வாரம் முழுக்கப் பழகினாள். நடுவில் இருக்கிற ஜியும் எச்சும் வாயே திறப்பதில்லையே, அவை எதற்கு என்று கேட்டேன். “ஊர்ச்சபைக் கூட்டத்துல கவுன்சிலருங்க உக்காந்திருக்காங்கல்ல லோலா, அந்த மாதிரிதான். பேச மாட்டாங்க, ஆனா அவங்க இல்லன்னா கூட்டம் செல்லாது” என்றாள். பல்லும் நகமுமாக ஃபைட் என்றால் விடாமல் போராடுவதாம், மனாங் லூசிங்கும் அவள் நாத்தனாரும் வேலிக்காக நிற்பது போல என்றேன், விழுந்து விழுந்து சிரித்தாள். சைட்டை, அதாவது பார்வையை, விட்டுப் போனது மனத்தை விட்டும் போகும் என்று ஒரு வழக்கு இருக்கிறதாம், அது பொய், அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தராதே என்றேன். மைட் என்றால் ஒருவேளை என்று பொருள் சொன்னாள், அதை எனக்குச் சொல்லவே வேண்டாம், ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வருவாயா என்று கேட்டால் நீ சொல்லும் சொல் அதுதான்.

தேர்வன்று பக்கத்து வீட்டுக் கரோக்கிப் பாட்டை நிறுத்த ஒரு தட்டு பிபிங்கா கேக் கொடுத்து அனுப்பினேன், சேவலை மனாங் லூசிங் வீட்டில் கட்டினேன், கணினிக்குப் பின்னால் அவள் முகம் தெரியும்படி மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தேன். திரையில் வந்த ஜப்பான் அம்மாள் மாணவி மாதிரி நடித்து, இப்படிச் சொல்லலாமா டீச்சர், நான் சொன்னது சரியா டீச்சர் என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டாள், இவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள், என் கண்ணால் பார்த்தேன். ஆனால் முடிவில் என்ன வந்தது தெரியுமா, பொருளை அழகாக விளக்குகிறார், மாணவர் சந்தேகம் கேட்டால் மட்டும் பதில் சொல்லாமல் சும்மா இருக்கிறார் என்று. பொய் சொல்கிறார்கள், நான் சாட்சி என்று கத்தினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த டொன்டொன், “ஏய், என் பங்குக் கருவாட்டையும் நீதான தின்ன?” என்று கேட்டான். ரொவெலின் ஆமாம் என்று இரண்டு புருவத்தையும் தூக்கினாள். அவன் கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்தான். “இதேதான! அந்தம்மாகிட்டயும் இப்படிப் புருவத்தத்தான தூக்குன? எங்களுக்குப் பாடம் எடுக்குற நார்வே கேப்டன் என்னை எல்லார் முன்னாடியும் கேட்டாரு, உனக்கு வாய் இல்லையான்னு. நம்ம கரையத் தாண்டிட்டா புருவம் பேசாதுடி, மடச்சி!” ரொவெலின் சிரித்தாள், பிறகு தட்டின் மேலேயே அழுதாள். எனக்கு மட்டும் என்ன தெரியும், புருவத்தைத் தூக்கினால் ஆமாம் என்று தெரியாத மனிதர்களும் உலகத்தில் இருப்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை.

நடந்ததை விளக்கி எழுதினாள், இன்னொரு முறை வரச் சொன்னார்கள். நான் அவள் நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டிவிட்டேன், புருவம் எழும்பினால் சுருக்கென்று இழுக்கும். சோறு வெந்ததா, மாடிப்படி கூட்டினாயா என்று நாள் முழுக்கக் கேட்டோம், யெஸ் யெஸ் என்று வாயால் சொல்லிப் பழகினாள். போன செவ்வாய் இரண்டாம் தேர்வு முடிந்தது. முதல் யெஸ்ஸைக் கொஞ்சம் கத்திவிட்டாள், அந்த அம்மாள் பின்னால் சாய்ந்தாளாம், அதுதான் எனக்குப் பயம். கடைசியில் அந்த அம்மாள், சிட் டைட், சொல்லி அனுப்புகிறோம் என்றாள். அதே நான்கு எழுத்து, ஆனால் எங்கள் பாடத்தில் இல்லாத வழக்கு. “இருக்கிற இடத்துலயே பொறுமையா இரு, அவசரப்பட்டு எதையும் செஞ்சிடாதன்னு அர்த்தம் லோலா.” நல்ல சொல்லா கெட்ட சொல்லா என்று கேட்டேன், அவள் வாயாலும் சொல்லவில்லை, புருவத்தாலும் சொல்லவில்லை. இன்னும் ஒன்றும் வரவில்லை, போன் சிணுங்கினால் ஈரக் கையோடு ஓடுகிறாள்.

அதனால் உனக்கும் அதையே சொல்கிறேன் இன்டாய், சிட் டைட். ஏஜென்சி ஆளை வர வேண்டாம் என்று சொல். மகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள நீ ஆசைப்படுவது எனக்குத் தெரியாதா, ஆனால் அவள் ஒரு வீட்டில் நீ ஒரு வீட்டில், ஞாயிற்றுக்கிழமை லீவில் மட்டும் நடைபாதையில் அட்டை விரித்து உட்கார்ந்து சாப்பிடுவதைப் பக்கம் என்று சொல்வார்களா? இந்த வேலை கிடைக்காவிட்டால் இன்னொன்றுக்கு எழுதுவாள், பிளாஸ்திரி நிறைய இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு படுக்காதே, கர்த்தர் உன் போக்கையும் வரவையும் காக்கட்டும். மாடத்தில் இருக்கும் உன் படம் விசாவுக்கு எடுத்தது, புருவம் நேர்க்கோடு, வாய் மூடியிருக்கிறது, அதைப் பார்த்து நான் என்ன கேட்டாலும் பதில் இல்லை. புதிதாக ஒரு படம் எடுத்து, காகிதத்தில் போட்டுத் தபாலில் அனுப்பு, போனில் வருவதை மாடத்தில் வைக்க முடியாது. ரொவெலின் இங்கேயே இருக்கட்டுமா என்று கேட்கிறேன். மைட் என்று எழுதாதே, ஒன்றுமே எழுத வேண்டாம், படத்தில் உன் புருவம் இரண்டும் மேலே இருந்தால் எனக்குப் போதும். அது வரும்வரை சாவி கிடைக்கப்போவதில்லை.

உன் நானாய்,
கொன்சோலசியோன்