துறையூர்க் கல்யாண மெமரி கார்டு

துறையூர்க் கல்யாணத்தில் போட்டோகிராபர் பிரேமலதா எடுத்த படங்கள் அனைத்தும் ஒரே மெமரி கார்டில் இருந்தன. நேற்று கணவர் காத்தமுத்து அதைத் தன் மலிவு கார்டு ரீடரில் செருகியதும், கம்ப்யூட்டர் ‘ஃபார்மட் செய்யவா?’ என்று கேட்டது. படமெல்லாம் அழிந்துவிடும் என்று தெரியாமல் ‘சரி’யை அழுத்தப் போன அவர் கையை அவள் தட்டிவிட்டாள். பிறகு நடந்த சண்டையில் இருவரும் சாப்பிடாமலே படுத்தார்கள். காலையில் அவர் எழுவதற்குள் ஒரு சீட்டு எழுதி பிரிட்ஜில் ஒட்டினாள்.

“என்னங்க, கார்டை எடுத்துக்கிட்டு மன்னார்புரம் கம்ப்யூட்டர் கடைக்குப் போறேன். பேர் தெரிஞ்ச கம்பெனி ரீடரா, கடையிலயே இந்தக் கார்டைப் போட்டுப் பார்த்துதான் வாங்கப்போறேன். உங்க ரீடர்ல வேற எந்தக் கார்டையும் போடாதீங்க. இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்கு. கல்யாணப் பொண்ணு ரஞ்சனி படம் வாங்க வருவா. கல்யாணம் முடிஞ்ச வாரமே அப்பாவைப் பறிகொடுத்தவ. அவர் அவளைத் தாரை வார்த்த படம் இந்தக் கார்டுல மட்டும்தான் இருக்கு. படம் போச்சுன்னோ இருக்குன்னோ எதுவும் சொல்லிடாதீங்க. நான் வர்ற வரைக்கும் உட்கார வைங்க.”

செருப்பை மாட்டியவள் திரும்பி வந்து, சீட்டின் அடியில் நெருக்கி எழுதினாள்.

“கோபம் இன்னும் போகல. ஆனாலும் சாப்பிடுங்க. ரஞ்சனி அழுதா, அவளைத் தனியா விட்டுட்டு உள்ள போயிடாதீங்க.”