கோமதி மெஸ்ஸின் கடைசி இலையைத் திருத்தித் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
பா. சண்முகவடிவு,
வடிவு லைனிங் சென்டர்,
தியாகராய நகர், சென்னை – 17.

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்,
ஏழுபடி கேம்ஸ் நிறுவனம்,
அடையாறு, சென்னை – 20.

பொருள்: ‘கோமதி மெஸ்’ கைப்பேசி விளையாட்டு – இறுதிக் காட்சியில் ஜவஹர் இலையை மடித்த விதம் – மாற்றித் தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. நான் தி.நகரில் புடவைக்கு ஃபால்ஸும் பிளவுஸுக்கு லைனிங் துணியும் விற்கும் கடை வைத்திருக்கிறேன். மதியம் கூட்டம் குறைந்ததும் தங்கள் விளையாட்டை விளையாடுவது என் வழக்கம். சொல்லிக் கொடுத்தவள் என் ஒரே மகள் லாவண்யா. அவள் தரமணி ஆபீஸிலிருந்தும் நான் கல்லாவிலிருந்தும் ஒரே மெஸ்ஸை நடத்தி வந்தோம். அவள் காய் நறுக்குவாள், நான் பரிமாறுவேன். சாம்பார் அடிப்பிடித்தால் போன் போட்டுத் திட்டிக்கொள்வோம். வேறு எதற்கும் எங்களுக்குள் இவ்வளவு பேச்சு நடந்ததில்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. விளையாட்டைப் பழிக்க நான் இதை எழுதவில்லை. ரசம் நுரைத்து வரும் அந்தச் சத்தத்தைப் பதிவு செய்த கைக்குத் தங்கக் காப்பே போடலாம். ஜவஹரையும் அப்படித்தான் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறீர்கள். வேலை தேடி ஊரிலிருந்து வந்து மேன்ஷனில் தங்கும் பையன், முதல் நாளே பாகற்காயை இலையோரம் ஒதுக்குகிறான். மோர் மிளகாய் வைத்தால் இன்னொரு கை சோறு இறங்கும் என்று கண்டுபிடித்தவள் நான்தான். அவனுக்கு இன்டர்வியூ என்றால் அன்று எனக்குக் கடையில் கை ஓடாது.

3. கடைசிக் கட்டத்தில் அவனுக்கு வெளியூரில் வேலை கிடைக்கிறது. சந்தோஷம். கோமதி அக்கா அவனுக்கு விருந்து வைக்கிறாள். பாயசம் ஊற்றியது என் விரல். சாப்பிட்டு முடித்தவன், இலையைத் தன் பக்கத்திலிருந்து தூக்கி எதிர்ப்பக்கமாக மடித்துவிட்டு எழுந்து போகிறான். திரை இருட்டாகிறது. ஐயா, எங்கள் பக்கத்தில் விருந்து சாப்பிட்டவர்கள் இலையைத் தம் பக்கமாக மடிப்பார்கள். உறவு தொடர வேண்டும், திரும்ப வந்து சாப்பிட வேண்டும் என்று அதற்கு அர்த்தம். எதிர்ப்பக்கம் மடிப்பது துக்க வீட்டில்தான். நான் என்னையும் மறந்து “அடப்பாவி!” என்று கத்திவிட்டேன். எதிரே நின்ற வாடிக்கையாளர் துணியைக் கீழே வைத்துவிட்டு வெளியேறினார்.

4. இது என் ஒருத்தியின் மனக்குறை அன்று. விளையாடுகிறவர்களுக்கென்று எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. பட்டினப்பாக்கத்தில் மீன்கடை வைத்திருக்கும் சரோஜாதேவி, “இன்னாக்கா இது, சோறு போட்ட பொம்பள வூட்ட சாவு வூடாக்கிட்டு போறான்?” என்று குரல் செய்தி அனுப்பினார். மயிலாப்பூர் சுப்புலக்ஷ்மி மாமி, “எங்காத்துல இலையை மடிக்கற வழக்கமே கிடையாது. ஆனா அவன் திரும்பிக்கூடப் பாக்காம போனதும் போனை அணைச்சு வெச்சுட்டேன்” என்றார்.

5. புகார் அனுப்பினோம். ‘இது திறந்த முடிவு, பொருளை நீங்களே உணர்ந்துகொள்ளலாம்’ என்று நிறுவனம் பதில் அனுப்பியது. நான் பஸ் ஏறி அடையாறு அலுவலகத்துக்கே வந்தேன். காட்சியை வரைந்த தம்பி விஜயராகவன் பார்சல் டப்பாவில் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “ஆன்ட்டி, கேமரா அந்தாண்ட கீது. மடிக்கறது க்ளியரா தெரியணும்னு அப்புடி வெச்சோம். எந்தப் பக்கம் மடிச்சா இன்னா?” என்றார். இதுவா ஐயா திறந்த முடிவு? கோபமாகத்தான் போனேன். ஆனால் பிள்ளை ஒட்டிய வயிறோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துத் திட்ட வாய் வரவில்லை.

6. அடுத்த வாரம் அப்டேட் வந்தது. அதில் ஜவஹர் காரில் திரும்பி வந்து, கோமதி அக்காவின் தங்கை மகளைக் கல்யாணம் செய்துகொண்டு கல்லாவில் உட்காருகிறான். இலை மட்டும் பழையபடியே மடிகிறது. ஐயா, கல்யாணம் செய்து வையுங்கள் என்று உங்களை யார் கேட்டார்கள்? அவன் போகக்கூடாது என்று நாங்கள் ஒருவரும் சொல்லவில்லையே.

7. இனி என் வீட்டுச் சங்கதி. லாவண்யாவுக்கு டப்ளினில் வேலை கிடைத்திருக்கிறது. முடிவைப் பார்த்துவிட்டு நான் புலம்பியபோது அவள், “அவன் கரெக்டாதான்மா மடிச்சிருக்கான். போறவன் போயிட்டான், திரும்பி எதுக்கு வரணும்?” என்றாள். விளையாட்டைப் பற்றித்தான் சொன்னாளா என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அன்றிலிருந்து நாங்கள் சேர்ந்து விளையாடவில்லை. மெஸ் பூட்டிக் கிடக்கிறது. வீட்டிலும், சாப்பிட்டாயா, பெட்டி கட்டினாயா என்பதற்கு மேல் பேச்சில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா.

8. ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து, கல்யாணத்தை எடுத்துவிட்டு ஜவஹரை வெளியூருக்கே அனுப்பி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். போகும் முன் இலையைத் தன் பக்கமாக மடிக்கட்டும். அது போதும்.

9. எப்படி மடிப்பது என்று தம்பிக்குச் சொல்லிப் புரிய வைக்க எனக்குத் தெரியவில்லை. வருகிற ஞாயிறு மதியம் லாவண்யாவை வழியனுப்ப அசோக் நகரில் எங்கள் வீட்டில் இலை போடுகிறோம். விஜயராகவனைத் தவறாமல் அனுப்பி வையுங்கள். தாங்களும் வர வேண்டும். மோர் மிளகாய் உண்டு. என் மகளுக்கு எதிர் வரிசையில் தம்பிக்கு இலை போடுகிறேன். அவள் சாப்பிட்டு எழும்போது எந்தப் பக்கம் மடிக்கிறாள் என்று பார்த்து, அதையே வரையட்டும். நானும் அன்றைக்குத்தான் பார்க்கப் போகிறேன்.

இடம்: சென்னை – 17
நாள்: 10.09.2025

தங்கள் விளையாட்டின் மேல் இன்னும் பாசம் குறையாத,
பா. சண்முகவடிவு
(கையொப்பம்)