பெல்ட் கொக்கியின் தடம்

அன்புள்ள வெர்னன்,

உன் அண்ணன் லோவெலை அடக்கம் செய்த அன்றுகூட நீ நாஷ்வில்லுக்கு வரவில்லை. அதைக் கேட்பதற்காக எழுதவில்லை.

இன்று காலை ஏலக் கம்பெனியிலிருந்து புரூயிட் வந்தார். லோவெலின் இசைத்தட்டுகளில் ஒலிக்கிற அந்தக் கிதாரை வாங்கிப் பார்த்து முதலில் சிரித்தார். பின்பக்கம் திருப்பியதும் அவர் முகம் மாறிவிட்டது. வார்னிஷ் உரிந்து கிடக்கும் இடத்தை விரலால் தடவினார்.

"பெல்ட் கொக்கி உரசின தடம்மா இது. வருஷக்கணக்கா வாசிச்சாத்தான் இப்படி விழும். உங்க வீட்டுக்காரர் எந்தப் போட்டோவிலயும் பெல்ட் கட்டினதில்லையே, கால்சட்டையைத் தாங்குற தோள்வார்தானே? அப்ப இதை வாசிச்சது யாரு?"

என் மகன் முந்திக்கொண்டான். "அப்பா வீட்டுல பெல்ட்தான் கட்டுவாரு. சொல்லும்மா!"

அந்தப் பொய்யை நான் சொல்லவில்லை. "பெல்ட் கட்டினவரு உயிரோடதான் இருக்காரு. கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

அவர் போனதும் மகன் கத்தினான். "அப்பா பேரை நாறடிக்கப் பாக்குறியா? பின்பக்கத்தைத் தேய்ச்சு மெருகு போட்டா ஒரு தடமும் இருக்காது. குடு இங்க!"

கிதாரோடு என் அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டேன். அவன் இன்னும் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறான். இந்தக் கடிதத்தை ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுக்கப் போகிறேன்.

ஸ்டுடியோவுக்குள் நீ வாசிக்க, உன் அண்ணன் வெளியே சிகரெட்டோடு நின்றதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இனியும் நானாகச் சொல்ல மாட்டேன். நீ வந்து நின்றால் போதும்.

வரும்போது அந்தக் குதிரைலாடக் கொக்கி வைத்த பெல்ட்டைக் கட்டிக்கொண்டு வா.

உன் அண்ணி